சாலிக்குட்டியின் மூன்று நாற்காலிகள்

பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்றாவது தடவையில் வென்றாள் சாலிக்குட்டி. பெற்ற அப்பச்சன் ரப்பர் மரத்தடியில் சரிந்து விழுந்து இறந்த வருடமே, அழுத கண்ணோடு போய்க் கல்லூரித் தேர்வை எழுதி வென்றாள். முப்பத்தாறு வயதில், தன்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உளவியலில் முதுகலைப் பட்டம் வென்றாள். மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று 'குடும்பம் கலைக்க வந்தவள்' என்று அவளைக் கைநீட்டிச் சொன்ன பெண்மணியையே, இரண்டு வருடம் கழித்துத் தன் மாடிப்படி ஏற வைத்தாள். அதுவும் வெற்றிதான். கல்யாணத்தில் அவள் வென்றாளா தோற்றாளா என்பதை மட்டும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.

காஞ்சிரப்பள்ளியில் வர்க்கிச்சனின் மரச்சாமான் கடைக்குக் கட்டில் விலை கேட்க வருகிறவர் யாராக இருந்தாலும், இதையெல்லாம் கேட்காமல் தப்ப முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவர் வர்க்கிச்சன். ஆனால் தங்கை எந்த வருடம் எந்தப் பரீட்சை எழுதினாள், அன்று மழையா வெயிலா என்பது வரை ஒன்றும் பிசகாமல், மடக்கு அளவுகோலை விரித்து மடக்கிக்கொண்டே சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மாடியிலிருந்து குரல் இறங்கி வரும்.

"சேட்டாயி, கட்டில் விக்கிறீங்களா, என்னை விக்கிறீங்களா?"

"உன்னை யாரு வாங்குவா? பாலிஷ் போயிடுச்சு!"

சாலிக்குட்டிக்கு வயது ஐம்பத்தொன்று. வெளுத்த பருத்திப் புடவை, நரையை மறைக்காத பின்னல். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக் கட்டியிருப்பாள். எதிரே உட்கார்ந்து பேசுகிறவள், தான் நேரம் பார்ப்பதைப் பார்த்துவிடக் கூடாதாம். மீன்காரனிடம் பேரம் பேச உட்கார்ந்தால் அவன் மத்திக் கூடையை விட்டுவிட்டு ஓடாத குறை. அண்ணனோடு சண்டை பிடித்தால் எதிர்ச்சாரியில் உள்ள சாயாக்கடை வரை கேட்கும். அதே ஆள் மாடி அறையில் உட்கார்ந்துவிட்டால் வாய் திறக்க மாட்டாள். எதிரே இருப்பவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டால், மிச்சப் பாதி வரும்வரை காத்திருப்பாள். மழை பெய்து ஓய்ந்து மறுபடி பிடித்தாலும் காத்திருப்பாள்.

"அதெப்படிடீ, மேல உக்காந்தா ஊமை, கீழ வந்தா கோயில் மணி?" என்று வர்க்கிச்சன் ஒருநாள் கேட்டார்.

"மேல கேக்கறதுக்குக் கூலி வாங்கறேன். பேசறது இலவசம், அதான் கீழ வந்து பேசறேன்."

அவளுடைய வேலை என்ன என்பதைச் சொல்லவே ஊருக்குச் சரியாக வாய் வரவில்லை. கணவனை விட்டுப் போகலாமா, இருந்து பார்க்கலாமா என்று உள்ளுக்குள் அல்லாடுகிற பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். அவள் போ என்றும் சொல்வதில்லை, இரு என்றும் சொல்வதில்லை. அந்த முடிவு அவர்களுடைய வாயிலிருந்து, அவர்களுடைய குரலில் வரும்வரை கூட உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம், மாடியில் ஒரு அறை.

தொடங்கிய புதிதில் வர்க்கிச்சன் பெருமை தாங்காமல், ஒரே பலகையில் எழுத்தைச் செதுக்கிச் சாயம் பூசி, 'விவாகரத்து ஆலோசனை' என்று கடை முகப்பில் மாட்டிவிட்டார். ஒரு மாதம் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே நடக்கிற வீதி அது. அந்தப் பலகைக்குக் கீழே கால் வைக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? எதிர்க்கடைக் குட்டப்பன் வேறு சாயாவை ஆற்றிக்கொண்டே கூவினான்.

"வர்க்கிச்சா, கல்யாணக் கட்டிலும் உன் கடையில, அதைப் பிரிச்சுப் போடறதும் உன் கடையிலயா? நல்ல வியாபாரம்டா!"

"கட்டிலுக்கு அஞ்சு வருஷம் கேரண்டி தர்றேன். மாடியில எதுக்கும் கேரண்டி கிடையாது" என்றார் வர்க்கிச்சன். ஆனால் அன்று சாயங்காலமே பலகை இறங்கியது. இப்போது அது அவர் வீட்டு அடுக்களையில், எழுத்து கீழே இருக்கும்படி கிடக்கிறது. அவர் மனைவி அதன்மேல் மீன் நறுக்குகிறாள்.

பலகை போனதும் பெண்கள் வரத் தொடங்கினார்கள், கடை வழியாக. அலமாரி பார்க்க, தொட்டில் பார்க்க, சாப்பாட்டு மேசைக்கு அளவு சொல்ல. நான்கு கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, சோபாக்களுக்கு நடுவே புகுந்து பின்பக்கப் படியில் ஏறிவிடுவார்கள். கூட வந்த அப்பனோ அண்ணனோ கீழேயே உட்கார வேண்டும். அது சாலிக்குட்டியின் சட்டம். உட்கார்ந்த இடம் சோபா என்பதால் சில பேர் அதை வாங்கிக்கொண்டும் போவார்கள்.

மாடியில் முதலில் கையில் கிடைப்பது ஒரு முறம் நிறைய சின்ன வெங்காயம். கை சும்மா இருந்தால் வாயும் சும்மா இருக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உரிப்பார்கள். அழுகை வந்தால் வெங்காயத்தின் மேல் பழி. சிவந்த கண்ணோடு கடையை விட்டு இறங்குகிறவளை வாசலில் யாராவது பார்த்துக் கேட்டாலும் வெங்காயம்தான். உரித்தது அத்தனையும் அண்ணன் வீட்டுக்குத்தான் வரும். வர்க்கிச்சனின் வீட்டில் வாரத்தில் பாதி நாள் உள்ளித் தீயல். "இந்த ஊர்ல புருஷன்மாருங்க திருந்தற வரைக்கும் எனக்கு வேற குழம்பு கிடையாது" என்பார் அவர்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றே. அதை அவள் மாதர் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கேட்டிருக்கிறார் வர்க்கிச்சன். கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் பெண் வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாகப் போய் மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்த்து வருகிற வழக்கம் இங்கே எல்லோர் வீட்டிலும் உண்டு. சாலிக்குட்டி அதை மறுபடி ஒருமுறை செய்யச் சொல்வாள், உட்கார்ந்த இடத்திலேயே.

"கண்ணை மூடிக்க. உங்க வீட்டு அடுக்களைக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போ. உப்பு எங்க இருக்கு? அந்த இடத்துல வெச்சது யாரு? மீன் குழம்புல நடுத்துண்டு யாருக்கு? எல்லாரும் சாப்பிடறப்போ நீ எங்க நிக்கற?"

உப்பு டப்பாவில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய் நிற்குமாம். பத்து வருடமாக உப்பு டப்பாவை இடம் மாற்றத் தைரியம் இல்லாதவளிடம் போய் வழக்குப் போடு என்றால் அவள் என்ன செய்வாள்? அதனால் வீட்டுப்பாடம் சின்னதாகத்தான் தருவாள். இந்த வாரம் ஒரே ஒரு நாள், எனக்கு வால் துண்டு வேண்டாம், நடுத்துண்டு வேணும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்கிறபோது நெஞ்சு படபடத்தால், சூடான கஞ்சியை ஆற்றுகிற மாதிரி மெல்ல, நீளமாக ஊத வேண்டும். பயத்தையும் விருப்பத்தையும் கல்லும் அரிசியும் போலப் பொறுக்கிப் பிரித்த பிறகுதான் போவதா இருப்பதா என்ற கேள்விக்கே வருவாள்.

அதற்குத்தான் நாற்காலிகள். வர்க்கிச்சன் பலாமரத்தில் செய்து கொடுத்தவை. எதிரெதிரே இரண்டு, தள்ளி ஜன்னலோரம் கைப்பிடி வைத்த ஒன்று. ஒன்றில் போக நினைப்பவளாக உட்கார்ந்து பேச வேண்டும். எழுந்து எதிரே மாறி, இருக்க நினைப்பவளாக அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சில நாள் எதிர் நாற்காலியில் கணவனே இருப்பதாக வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டும். மூன்றாவது நாற்காலியில் யாரையும் அவள் உட்காரச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் பேசிப் பேசி ஓய்ந்து, ஒருநாள் தானாகவே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கைப்பிடியில் கை வைத்து, "சரி சேச்சி, இனி நான் சொல்றேன்" என்பார்களாம்.

எல்லோருக்கும் நாற்காலி கிடையாது. உடம்பில் காயத்தோடு வருகிறவளிடம் இருந்து பார்க்கலாமா என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். "அடி வாங்கறவளுக்கு முதல்ல நாற்காலி வேண்டாம். கதவு வேணும்" என்று சொல்லி, அன்றைக்கே தங்க இடமும் வக்கீலும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

விட்டு விலகினவர்களும் உண்டு, திரும்பிப் போய்க் கணவனோடு வந்து புதுக் கட்டில் வாங்கினவர்களும் உண்டு. தீர்ப்பு வந்த அன்று ஒருத்தி லட்டு கொண்டுவருவாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று இன்னொருத்தி கேக் கொண்டுவருவாள். இரண்டையும் சாலிக்குட்டி ஒரே முகத்தோடு வாங்கி, ஒரே தட்டில் வைத்து அண்ணனுக்குக் கொடுப்பாள். எது எதற்கு என்று அவரும் கேட்பதில்லை.

மாடிக்கும் கடைக்கும் நடுவே இருப்பது பழைய பலகைத் தளம். நாற்காலி நகர்ந்தால் கீழே தெரியும். கொஞ்சம் உரக்கப் பேசினால் பேச்சும் கேட்கும். அதனால் ஒரு பெண் மாடிக்கு ஏறியதும் வர்க்கிச்சன் இழைப்பு யந்திரத்தைப் போட்டுவிடுவார். மரம் இருந்தாலும் போடுவார், இல்லாவிட்டாலும் போடுவார். மேலே கதவு திறக்கிற வரை யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் சம்சாரம் கரண்ட் பில்லைக் காட்டித் திட்டுவாள். "அது தொழில் செலவு" என்பார்.

போன மழைக்காலத்தில் ஜீனா வந்துகொண்டிருந்தாள். பனச்சிக்கல் வீட்டு மருமகள், உயர்நிலைப் பள்ளியில் இந்தி டீச்சர். கணவன் ஜிஜோவுக்கு ரப்பர் தோட்டம். குடி இல்லை, கை நீட்டுவதில்லை, பூசை தவறுவதில்லை. இப்படிப்பட்டவனை விட்டு ஒருத்தி ஏன் போக வேண்டும் என்று ஜீனாவின் அப்பச்சனே கேட்டாராம்; கேட்டதோடு நில்லாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று மட்டும் சொல்லி இரண்டு வீட்டாரையும் உட்கார்த்திவைத்து, இதோடு பேச்சு முடிந்தது என்று சொல்லிவிடுவதாக நாளும் குறித்துவிட்டார். அதற்கு முன்னால் தனக்கு என்ன வேண்டும் என்று ஜீனாவுக்கே தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தால், மற்றவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். படி ஏறும் முன் அவளே இதை வர்க்கிச்சனிடம் சொன்னாள், ஒரு அலமாரியின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

"வீட்ல என்னன்னு சொல்லிட்டு வந்த, மோளே?"

"அலமாரி பாக்கப் போறேன்னுதான். நாலு தடவையா அதேதான்."

அவள் மேலே போனாள். யந்திரத்தைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு இறங்கியவள் பனச்சிக்கல் ஏலிக்குட்டி அம்மச்சி, ஜீனாவின் மாமியார். கையில் முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிறு.

"வர்க்கி, எங்க மருமக பாத்து வெச்சிருக்கற அலமாரி எது?" என்று யந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல இடம் இவ்வளவுதான். அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். ஏழு வருஷம் கழிச்சாவது அவ அப்பனுக்கு அலமாரி குடுக்கணும்னு தோணுச்சே, என் ஈசோயே!"

கல்யாணத்தின்போது பெண் வீட்டிலிருந்து கட்டில் வந்தது, அலமாரி வரவில்லை. அந்தக் குறை ஏலிக்குட்டியின் மனதில் ஏழு வருடமாக நின்றுகொண்டிருந்தது. மருமகள் நாலு தடவை கடைக்குப் போனாள் என்றால், தேக்காகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வர்க்கிச்சனுக்குப் பொய் வராது. வந்தாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். "அலமாரி இங்க நிறைய இருக்கு, பாருங்க அம்மச்சி" என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கயிற்றை வைத்து ஒவ்வொன்றையும் அவள் அளந்தாள். ஒன்று அகலம், ஒன்று குட்டை, ஒன்றில் கண்ணாடி வைத்த இடம் சரியில்லை. கட்டன் காப்பி வரவழைத்துக் கொடுத்து, சோபாவில் உட்கார வைத்தார். மேலே நாற்காலி ஒன்று நகர்ந்தது. அப்போது மின்சாரம் போனது.

யந்திரம் முனகி நின்றதும் கடையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அதற்கு மேலே, பலகைத் தளத்தின் வழியாக, ஒரு குரல்.

"ஜிஜோ சேட்டா, டைகருக்குக் காய்ச்சல்னா அதை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எனக்கு டைபாய்டு வந்தப்போ மருந்தை ஜன்னல்ல வெச்சுட்டுப் போனீங்க. எப்படி இருக்கன்னு ஒரு வார்த்தை..."

வர்க்கிச்சன் கைக்கு அகப்பட்ட சுத்தியலை எடுத்து, முன்னால் கிடந்த பலகையில் ஓங்கி ஓங்கி அடிக்க ஆரம்பித்தார்.

"என்னத்தை அடிக்கற?"

"ஆணி, அம்மச்சி."

"ஆணியைக் காணோமே?"

அவர் அடித்துக்கொண்டே இருந்தார். காது சிவந்துவிட்டது. இரண்டு அடிக்கு நடுவே இருந்த இடைவெளியில் மறுபடி அந்தக் குரல் நுழைந்தது. "அது கிட்ட பேசறதுல பாதி என்கிட்ட பேசியிருந்தா போதும். நானும் அந்த வீட்டுல நாயா பொறந்திருக்கலாம்..."

காப்பி டம்ளரை ஏலிக்குட்டி கீழே வைத்தாள். "அது எங்க ஜீனா."

"அம்மச்சி, மேல ஏறக்கூடாது. அது..."

"என் மருமக இருக்கற இடத்துக்கு நான் போகக்கூடாதா? நீ ஆணி அடி." முழங்கால் வலி உள்ளவள், சோபாக்களுக்கு நடுவே புகுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். சுத்தியலைப் போட்டுவிட்டு வர்க்கிச்சனும் பின்னால் ஓடினார்.

படி முடிகிற இடத்தில் கதவைப் பாதி சாத்தி, சாலிக்குட்டி நின்றிருந்தாள்.

"வாங்க அம்மச்சி. இங்க நில்லுங்க."

"வழி விடுடீ. வெளிய வா ஜீனா! அலமாரி பாக்கவா வந்த நீ?"

"அம்மச்சி, உள்ள வாங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், திரும்பிப் போங்கன்னும் சொல்ல மாட்டேன். அது அவ சொல்லணும்." தலையைத் திருப்பாமலே சாலிக்குட்டி உள்ளே கேட்டாள். "ஜீனா, யாரு வந்திருக்காங்கன்னு தெரியுது இல்லையா? நீ என்ன சொல்ற?"

ஏலிக்குட்டி வாயைத் திறந்தாள். சாலிக்குட்டி ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். மழை பெய்தது. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று வர்க்கிச்சனுக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து அந்தப் பெண் தானே ஏதாவது சொல்லிவிட மாட்டாளா, சாலியாவது அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவருக்குத் தவித்தது. கடிகாரத்தின் முகத்தை உள்ளங்கைப் பக்கம் மறைத்துக்கொண்டு சாலிக்குட்டி அப்படியே நின்றாள். உள்ளே, சூடான கஞ்சியை ஆற்றுகிற மாதிரி, நீளமாக ஒரு மூச்சு ஊதுகிற சத்தம் கேட்டது.

"வரட்டும் சேச்சி."

கதவு திறந்தது. ஜீனா அறையின் நடுவே நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"அம்மச்சி, நான் அலமாரி பாக்க வரல. உங்க மகனை விட்டுப் போறதா, இருக்கறதான்னு யோசிக்க வந்தேன். நாலு தடவையும் அதுக்குத்தான் வந்தேன்."

"அவன் உன்னை அடிச்சானா?"

"இல்ல."

"குடிச்சானா? வேற எவளாவது..."

"இல்ல அம்மச்சி."

"பின்ன என்ன குறை உனக்கு?"

"பேச்சு. என்கிட்ட பேசறதில்ல. அந்த வீட்ல நான் இருக்கறது அவருக்குத் தெரியற மாதிரி ஒரு வார்த்தை கிடையாது. ஏழு வருஷம் நான் அதைக் குறைன்னு நினைக்கவே பயந்தேன்." நிறுத்தி, மறுபடி ஊதிவிட்டுத் தொடர்ந்தாள். "அடுத்த மாசம் நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு எடுத்துத் தங்கறேன். ஜிஜோ சேட்டன் வந்து என்கிட்ட நேரா பேசட்டும். பேசினா கேப்பேன். பேசலைன்னா வழக்குப் போடறேன். எதுன்னு ஞாயித்துக்கிழமை எங்க அப்பச்சன் முடிவு பண்ணக்கூடாது, நீங்களும் பண்ணக்கூடாது. நானே சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான், பேசிக்கொண்டே தான் நகர்ந்து வந்து நிற்கிற இடம் ஜன்னலோரம் என்பதை அவள் பார்த்தாள். அவள் கை மூன்றாவது நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது.

ஏலிக்குட்டி பெரிய சண்டைக்குத் தயாராக வந்தவள். தாவாங்கட்டை முன்னால் வந்துவிட்டது, வார்த்தையும் நுனி நாக்கில் இருந்தது. வர்க்கிச்சன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வந்தது வேறு.

"அவன் அப்பனும் அப்படித்தான்" என்றாள் கிழவி. "எருமைகிட்ட பேசுவாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"எருமை பேரு செம்பி. செம்பி தின்னாச்சா, செம்பி ஏன் வாடியிருக்கன்னு. நான் தொழுவத்துக்கு வெளியில நின்னு கேட்டுட்டிருப்பேன், என் பேரும் அதுல வருதான்னு." குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். "நாப்பத்தி மூணு வருஷம். செத்தன்னிக்கும் கேட்டது கஞ்சிதான். ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பாங்கன்னு நான் நினைச்சேன். உனக்கு அப்படி இல்லைன்னு யாருடீ சொன்னது?"

"யாரும் சொல்லல அம்மச்சி."

"இவ சொல்லிக் குடுத்தாளா?"

"இந்தச் சேச்சி எதுவுமே சொல்றதில்ல. அதான் கஷ்டமே" என்றாள் ஜீனா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஏலிக்குட்டிக்கு முழங்கால் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தது ஜன்னலோர நாற்காலிதான். ஜீனா விலகிக் கொடுத்தாள், கிழவி பொத்தென்று உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் தானாக வந்துதான் உட்கார வேண்டும் என்பது சட்டம், சாலிக்குட்டி தடுக்கவில்லை. தரையில் இருந்த முறத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு?"

"கண்ணு கலங்கினா யாராவது கேப்பாங்க அம்மச்சி. சொல்லிக்க ஒரு காரணம் வேணாமா?"

கிழவி ஒரு வெங்காயத்தை எடுத்தாள். நகத்தால் கீறித் தோலை இழுத்தாள். மழை விட்டு ஓடு சொட்டுகிற வரை நான்கு பேரும் உரித்தார்கள். வர்க்கிச்சனுக்குக்கூடக் கையில் ஒன்று வந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏலிக்குட்டி சொன்னாள்.

"வர்க்கி, உன் நாற்காலி ஆடுதுடா."

"என் நாற்காலியா?"

"ஆடுது. இந்தா பாரு. அலமாரியும் இப்படித்தான் செய்வியா?"

பதினோரு வருடம் பெண்கள் இழுத்து இழுத்துப் போட்டதில் ஒரு காலின் பொருத்து நெகிழ்ந்திருந்தது. வேறு எந்த வசவையும் தாங்குவார் வர்க்கிச்சன். இதைத் தாங்க மாட்டார். கிழவியை எழுப்பி, நாற்காலியைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மரச்சீவலை எடுத்துப் பொருத்துக்குள் சொருகினார். செய்கிற சாமான் எதுவானாலும் அடியில் தச்சுப் பென்சிலால் தன் பெயரையும் முடித்த தேதியையும் எழுதுவது அவர் பழக்கம். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தும் இருந்தது.

"கீழ என்னமோ எழுதியிருக்கே?" என்று குனிந்தாள் ஏலிக்குட்டி.

கணவன் பேபிச்சனின் வீட்டிலிருந்து சாலிக்குட்டி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி ஏழு வருடம் வரை வழக்கும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வங்கியிலும் தபாலாபீஸிலும் கல்லூரியிலும் 'சாலி பேபிச்சன்' என்றே கையெழுத்துப் போட்டாள். பட்டம் வாங்கியதும் அந்தப் பெயரில்தான். யாராவது கேட்டால், இன்னும் முடிவு பண்ணவில்லை என்பாள். இந்த மூன்று நாற்காலிகளையும் வர்க்கிச்சன் மாடியில் கொண்டுபோய் வைத்த அன்று, யாரும் வருமுன் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாக உள்ளே இருந்தாள். கீழே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: நாற்காலி நகர்கிற சத்தம், எதிர் நாற்காலி நகர்கிற சத்தம், மறுபடி, மறுபடி. வெகு நேரம் கழித்து ஜன்னல் பக்கம் ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் போய் யந்திரத்தைப் போட்டார். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். எந்த நாற்காலி என்ன சொன்னது என்று அவர் கேட்டதில்லை. படியிறங்கி வந்தவள், "சேட்டாயி, அந்தப் பென்சிலைக் குடுங்க" என்றாள்.

"பேரு மட்டும்தான் இருக்கு" என்றாள் ஏலிக்குட்டி. "புருஷன் பேரு? அப்பன் பேரு?"

"அவ்வளவுதான் அம்மச்சி" என்றாள் சாலிக்குட்டி.

கிழவி மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தரையில் குந்தி உட்கார்ந்து, வெங்காயம் உரித்த விரலைப் பென்சில் எழுத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

சாலிக்குட்டி. 2013 ஜூலை 11.